சிங்கப்பூரில் டேஸ்டிங் மெனு: வீட்டம்மா சைவம், எனக்கு இறால் ஆகாது. முன்பதிவில் என்ன எழுதணும்?

தென்காசி_சாரல்

வணக்கம். அடுத்த மாசம் நானும் வீட்டம்மாவும் சிங்கப்பூர் போறோம். சாப்பாடு பெரும்பாலும் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கமும் உணவங்காடிகளிலும்தான். ஒரு ராத்திரி மட்டும், ஆசிய ஃபியூஷன்னு சொல்றாங்களே, சீனம், மலாய், ஜப்பான், நம்ம ஊர் எல்லாம் கலந்து எட்டு பத்து தட்டு வரிசையா வர்ற டேஸ்டிங் மெனு, அதைச் சாப்பிடணும்னு திட்டம்.

வீட்டம்மா சைவம். கேக்குல முட்டை இருந்தா பரவாயில்லை, முட்டையாவே வந்தா தொடமாட்டாங்க. நான் கோழி, ஆடு, மீன் சாப்பிடுவேன், மாடு கிடையாது. இறால் சாப்பிட்டா உதடு தடிச்சு அரிக்கும்.

முன்பதிவுப் பக்கத்துல உணவுக் கட்டுப்பாடுன்னு ஒரு சின்னக் கட்டம் இருக்கு. அதுல வெஜிடேரியன், நோ பீஃப், நோ ப்ரான்னு போட்டா போதுமா? ஒரே மேசையில ரெண்டு பேருக்கு ரெண்டு மெனு தருவாங்களா? விலை 280++ னு இருக்கு, கடைசியில எவ்வளவு ஆகும்? எந்த நாள், எத்தனை மணிக்குப் போடலாம்? அப்புறம் முக்கியமானது: அவ்வளவும் சாப்பிட்டுட்டு வெளியே வந்து புரோட்டா கடை தேடற மாதிரி ஆயிடுமா?

---

பாஸ்_கவுண்டர்

போதாதுங்க. வெஜிடேரியன்னு ஒரு வார்த்தை போட்டா, சமையலறையில அது "இறைச்சித் துண்டு, மீன் துண்டு தட்டுல வைக்காதே" அப்படின்னுதான் போய்ச் சேரும். இந்த மாதிரி மெனுவுல ஆபத்து துண்டுல இல்லை, அடியில இருக்கு. சாறு, விழுது, எண்ணெய், ஜெல்லி, இதுலதான்.

ஒவ்வொண்ணா சொல்றேன். ஜப்பானிய தாஷி: கொம்பு கடற்பாசியை ஊறவெச்சு, அதுல கட்சுவோபுஷி, அதாவது புகையில காயவெச்ச மீனைச் சீவிப் போட்டு வடிகட்டின தண்ணி. பார்க்கத் தெளிவா இருக்கும், மீன் வாடையும் தெரியாது. இந்த வகை உணவகத்துல கத்தரிக்காயை வேகவைக்கிறதும் அதுலதான், டோஃபு மேல ஊத்தறதும் அதுதான். மலாய், பெரனாக்கான் (மலாய் மண்ணுல குடியேறின சீனக் குடும்பங்களோட கலப்புச் சமையல்) பக்கம் வந்தா பெலாச்சான், அதாவது புளிக்கவெச்ச இறால் விழுது. சம்பால்ங்கிற மிளகாய்த் துவையல்லயும் ரெம்பாங்கிற மசாலா விழுதுலயும் அரைச்சே சேர்த்துடுவாங்க. லக்சாங்கிற நூடுல்ஸ் குழம்போட விழுதுல காய்ஞ்ச இறால். தாய் கறி விழுதுல கப்பி, அதுவும் இறால்தான். கொரியக் கிம்ச்சியில உப்பு இறாலும் மீன் சாஸும். எக்ஸ்ஓ சாஸ்ல காய்ஞ்ச சிப்பிக்கறி, இறால், பல நேரம் பன்றித் தொடை உப்புக்கண்டமும். கீரை வதக்கல்ல ஆய்ஸ்டர் சாஸ். இனிப்புக்கு வந்தா ஜெலட்டின்: பன்னா கோட்டா, மூஸ், கடைசியில வர்ற பழ ஜெல்லி மிட்டாய். அகர் அகர் போட்டிருந்தா பிரச்சனை இல்லை, அது கடற்பாசி.

அதனால கட்டத்துல லேபிளை எழுதாம பொருளை எழுதுங்க. வீட்டம்மாவுக்கு: "இறைச்சி, மீன், கடலுணவு கிடையாது. தாஷி, மீன் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், பெலாச்சான், எலும்புச் சாறு, ஜெலட்டின், பன்றிக் கொழுப்பு எதுவும் கூடாது. பால் பொருள் ஆகும். பலகாரத்துக்குள்ள கலந்த முட்டை ஆகும், தனி முட்டை கூடாது. வெங்காயம், பூண்டு ஆகும்." கடைசி வரியை விட்டுடாதீங்க. சிங்கப்பூர்ல புத்த மதச் சைவம்னா வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டாங்க. தெளிவா இல்லாட்டி பாதுகாப்புக்குன்னு அதையும் எடுத்துடுவாங்க, அப்புறம் தட்டு சப்புனு இருக்கும்.

உங்களுக்கு: மாடுன்னு மட்டும் போட்டா ஸ்டேக் வராது, ஆனா சாஸ் வரும். இந்தச் சமையலறைகள்ல பிரெஞ்சு முறை நிறைய. ஆட்டுக்கும் வாத்துக்கும் ஊத்தற சாஸுக்குக் கூட அடி, கன்றுக்குட்டி எலும்பை வறுத்து 10, 12 மணி நேரம் கொதிக்கவெச்சு வத்தவெச்ச சாறா இருக்கலாம். எலும்புல ஜெலட்டின் அதிகம், சாஸ் பளபளன்னு ஒட்டும், அதுக்காகத்தான். "மாடு, கன்று, இவற்றின் எலும்புச் சாறு, கொழுப்பு, மஜ்ஜை கூடாது" னு எழுதுங்க. அப்போ கோழிச் சாறுல தனியா ஒண்ணு வத்தவைப்பாங்க.

இதை மேசையில உட்கார்ந்த பிறகு சொன்னா ஒண்ணும் நடக்காது. சாறு முந்தின நாளே ஆயிடும், விழுது காலையில அரைச்சாச்சு. பரிமாறுறவங்க "சரி" னு சிரிச்சுட்டு உள்ளே போவாங்க. உள்ளே அந்தத் தட்டுல இருந்து சாஸை எடுத்துட்டு வெறும் காயா அனுப்புவாங்க, அவ்வளவுதான் முடியும். குறைஞ்சது 72 மணி நேரம் முன்னாடி எழுத்துல போகணும்.

---

செராங்கூன்வாசி

பாஸ்_கவுண்டர் சொன்னதோடு இன்னொன்று. முன்பதிவுச் செயலியின் கட்டத்தில் எழுதுவது சில நேரம் பாதியில் வெட்டுப்பட்டுவிடும். எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அங்கே சுருக்கமாக "ஒருவர் சைவம், ஒருவருக்கு இறால் ஒவ்வாமை, விவரம் மின்னஞ்சலில்" என்று போட்டுவிட்டு, முழு விவரத்தையும் உணவகத்துக்கே நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பதிவு எண், தேதி, பெயர் மூன்றும் தலைப்பில் இருக்கட்டும். ஹோட்டல் வரவேற்பு மேசை மூலமோ பயண முகவர் மூலமோ மேசை பிடித்தால் இந்தக் குறிப்பு பெரும்பாலும் வழியிலேயே தொலைந்துவிடும். அப்படிப் பிடிக்கவே வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த உணவகத்தின் விதிமுறைப் பக்கத்தைப் படியுங்கள். சில இடங்களில் "நனிசைவம் (வீகன்) செய்து தர இயலாது", "கடலுணவு ஒவ்வாமைக்கு மாற்று இல்லை" என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. 30 பேர் உட்காரும் இடத்தில் ஒரே மெனுவை நம்பித்தான் அடுப்பு ஓடுகிறது. முடியாது என்று முன்கூட்டியே சொல்பவர்கள், முடியும் என்று சொல்லி ஏமாற்றுபவர்களைவிட மேல். ஒரே மேசையில் ஒருவருக்குச் சைவம், ஒருவருக்கு அசைவம் என்பது பொதுவாகப் பிரச்சனை இல்லை. ஒருவருக்கு நீண்ட மெனு, ஒருவருக்குக் குட்டி மெனு என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் தட்டுகள் இருவருக்கும் சேர்ந்து வெளியே வரவேண்டும்.

எந்த இடம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தேடத் தொடங்க மூன்று பெயர் சொல்கிறேன். கேண்டில்நட், டெம்ப்சி பகுதியில்: மால்கம் லீ நடத்தும் பெரனாக்கான் உணவகம், 2016இல் சிங்கப்பூருக்கு, உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் வழிகாட்டி முதன்முதல் வந்தபோதே ஒரு நட்சத்திரம் வாங்கியது. அங்கே தனித்தட்டு அணிவகுப்பைவிட நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடும் பாணி அதிகம். கட்டணமும் மற்றவற்றைவிடக் குறைவு. தேவர்: பினாங்கில் பிறந்த மனோ தேவர் 2018இல் திறந்தது, 2022இல் இரண்டாவது நட்சத்திரம். இந்திய மசாலாவை ஐரோப்பிய முறையில் கையாளுகிற சமையல், பினாங்கு வாடையும் அடிக்கும். லேபிரிந்த், எஸ்பிளனேடில்: எல்ஜி ஹானின் நவீன சிங்கப்பூர்ச் சமையல், உணவங்காடிப் பண்டங்களை உருமாற்றித் தருவார். இதில் ஓர் எச்சரிக்கை: பெயரை வைத்தோ தட்டின் தோற்றத்தை வைத்தோ முடிவு கட்டாதீர்கள். லேபிரிந்தின் தொடக்ககால மெனுவில் பெயர்பெற்றது சில்லி கிராப் ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம்தானே என்று கை வைத்தால் நண்டு.

மூன்றிலும் மெனு பருவத்துக்குப் பருவம் மாறும். உங்கள் தேதிக்கு யார் என்ன மாற்று தருவார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

---

கணக்குப்புள்ள

++ கணக்கு: முதல் கூட்டல் 10% சேவைக் கட்டணம். இரண்டாவது கூட்டல் 9% பொருள் சேவை வரி, 2024 ஜனவரி 1 முதல் இந்த விகிதம். வரி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைமேல் விழும். அதனால் 19% இல்லை, 1.10 × 1.09 = 1.199. போட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், கணக்கு சரியாக வந்துவிடும்.

உங்கள் 280++ ஐ வைத்துப் பார்ப்போம். இருவருக்கு 560 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நீங்கள் மட்டும் 160 வெள்ளிக்கு ஒயின் இணை (தட்டுகளுக்குப் பொருத்தமாக ஊற்றித் தரும் ஒயின் வரிசை) எடுக்கிறீர்கள், பாட்டில் தண்ணீர் ஆளுக்கு 10 என்று வைப்போம். மொத்தம் 740. சேவைக் கட்டணத்தோடு 814. வரியோடு 887.26 வெள்ளி. இந்திய அட்டை தேய்த்தால் வங்கி பொதுவாக 3.5% வரை அந்நியச் செலாவணி மார்க்கப், அதாவது கூடுதல் கட்டணம் போட்டு, அந்த மார்க்கப்மேல் 18% ஜிஎஸ்டியும் போடும், சேர்த்தால் 4.13%. அதாவது இன்னும் ஏறக்குறைய 37 வெள்ளி. மார்க்கப் இல்லாத அட்டை கையில் இருந்தால் இந்த ராத்திரிக்கு அதை எடுங்கள்.

பில் இயந்திரம் "ரூபாயா, சிங்கப்பூர் டாலரா" என்று கேட்டால் டாலர். ரூபாயைத் தொட்டால் அவர்கள் போடும் மாற்று விகிதம், அதில் அவர்கள் லாபம் ஒளிந்திருக்கும்.

சைவ மெனுவுக்கு விலை குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் அதே விலைதான். வேலை நேரம் அதில்தான் கூடுதல், அதனால் நியாயமும் கூட.

டிப்ஸ் அங்கே வழக்கம் இல்லை. விமான நிலையத்தில் வரியைத் திரும்ப வாங்கும் திட்டம் சாப்பாட்டுக்குப் பொருந்தாது, பில்லைப் பத்திரப்படுத்திப் பயனில்லை.

முன்பதிவின்போது இரண்டு வகை உண்டு. ஒன்று, அட்டை எண் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வராவிட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று எடுப்பது. இன்னொன்று, முழுத் தொகையோ பாதியோ முன்கூட்டியே கட்டுவது. இரண்டுக்கும் ரத்து செய்யக் கடைசி நேரம் போட்டிருப்பார்கள், 48 அல்லது 72 மணி என்பது சகஜம். அது சிங்கப்பூர் நேரம். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, ஆன்லைன் பரிவர்த்தனை இரண்டையும் திறந்து வைத்த பிறகு பதிவு செய்யுங்கள். மூடியிருந்தால் பணம் ஏறாது, பிடித்த மேசை சில நிமிடத்தில் போய்விடும்.

---

நுனிநாக்கு

நேரம் பற்றி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ரெண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை 7ன்னா உங்க வயித்துக்கு நாலரை மணி. மதியம் 12ன்னா காலை ஒன்பதரை. அதனால முதல் நாள் மதிய மெனு போடாதீங்க, விலை குறைவுன்னாலும். ராத்திரி விமானத்துல போய் விடியற்காலை இறங்குறவங்க முதல் நாள் ராத்திரியும் போடக் கூடாது. இந்தச் சாப்பாடு இரண்டரை மணியில இருந்து மூணு மணி நேரம் ஓடும். நாலாவது தட்டுலயே கண்ணு சொருகும். இரண்டாவது அல்லது மூணாவது நாள், 7 மணி அல்லது 7.30. எட்டரை மணி அமர்வு எடுத்தா முடிய 11.30 ஆகும், நள்ளிரவை ஒட்டி எம்ஆர்டி மெட்ரோ ரயில் நின்னுடும், டாக்சிதான்.

அன்னைக்கு மதியம் பட்டினி கிடக்காதீங்க. வெறும் வயித்துல முதல் அரை மணி நேரம் கடிக்கிற அளவுக்குச் சின்னச் சின்னதா நாலு வரும், அதோட ஒயினும் சேர்ந்தா தலை கிறுகிறுக்கும். 12 மணிக்கு அளவாச் சாப்பிடுங்க, நாலரைக்கு ரெண்டு இட்லி. செராங்கூன் ரோட்டுல 1947லிருந்து இருக்கிற கோமள விலாஸ்ல வீட்டம்மாவுக்கும் கவலை இல்லை.

புரோட்டா கேள்விக்குப் பதில்: அசைவ மெனுவுக்கு வராது. எட்டு, பத்து தட்டுக்கு நடுவுல ஒரு ரொட்டி இல்லாட்டி சோறு அல்லது நூடுல்ஸ் கட்டாயம் இருக்கும், ஆசிய வகையில அது கடைசிக்கு முந்தி வரும். அதுக்குன்னு இடம் வைக்கணும். முதல்லயே ரொட்டியும் வெண்ணெயும் வந்தா மறுபடி மறுபடி கேட்டு நிரப்பிக்காதீங்க. சைவ மெனுவுல மட்டும் புரதம் குறைஞ்சு போற ஆபத்து உண்டு, அதை பாஸ்_கவுண்டர் இன்னும் விளக்குவார்னு நினைக்கிறேன்.

ஒரே வாயில போடச் சொல்லித் தர்ற குட்டி டார்ட்டை ரெண்டா கடிக்க வேணாம்; ஓடு நொறுங்கி உள்ளே இருக்கிற சாறு சட்டையில. வந்து ரெண்டு மூணு நிமிஷத்துல சாப்பிட்டுடணும், ஈரம் ஏறினா ஓடு தோல் மாதிரி ஆயிடும். படம் எடுக்கிறதுன்னா குளிர்ந்த தட்டுக்கு எடுங்க. கையால சாப்பிடலாமான்னு தயங்க வேணாம், கத்தி முள்கரண்டி வைக்கலைன்னா கைதான்.

உடை: ஆண்களுக்கு அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு ரெண்டும் கூடாது. புடவை, சுடிதார் எல்லாம் தாராளமா. ஏசி நல்லாவே குளிரும்.

---

பாஸ்_கவுண்டர்

புரதம் விஷயத்துக்கு வர்றேன். சைவ மெனு நல்லா இருக்குமா இல்லையான்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. மின்னஞ்சல்ல "மாதிரிச் சைவ மெனு அனுப்ப முடியுமா" னு கேளுங்க. வந்ததும் காளானை எண்ணுங்க. எட்டுத் தட்டுல ஒண்ணு ரெண்டுன்னா சரி. நாலு அஞ்சு வந்தா, இறைச்சி இருந்த இடத்துல எல்லாம் காளானைத் தூக்கி வெச்சுட்டாங்கன்னு அர்த்தம். சைவத்துக்குன்னு யாரும் உட்கார்ந்து யோசிக்கலை. டோஃபு, யூபா, அதாவது சோயாப் பாலைச் சூடாக்கும்போது மேலே படியற ஆடை, டெம்பே, பனீர், பருப்பு இதுல குறைஞ்சது ரெண்டு இருக்கணும். சாறுன்னு வர்ற இடத்துல எதுல செஞ்சதுன்னு எழுதியிருந்தா இன்னும் நல்லது. காய்ஞ்ச ஷிடாக்கேயும் கொம்புவும் சேர்த்து எடுக்கிற சைவத் தாஷி ஜப்பான் கோயில் சமையல்ல காலங்காலமா இருக்கிறது: ஒரு லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் கொம்பு, 60 டிகிரி சூட்டுல ஒரு மணி நேரம், காய்ஞ்ச காளானைத் தனியா குளிர்ந்த தண்ணியில ராத்திரி முழுக்க ஊறவெச்சுக் கலப்பாங்க. கொதிக்கவிட்டா கொம்பு வழவழன்னு கசப்பு இறங்கும். ஒரு உணவகம் இதைத் தனியா எடுக்குதுன்னா உங்க வீட்டம்மாவுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும்னு நம்பலாம்.

இன்னொரு விஷயம், பொரியல் எண்ணெய். காய் டெம்புராவும் இறால் அப்பளமும் ஒரே எண்ணெயில போகும், சின்னச் சமையலறையில ரெண்டு பொரிப்பான் இருக்காது. சைவத்துக்கு மனசு ஒத்துக்காத விஷயம், உங்களுக்கு உடம்பு ஒத்துக்காத விஷயம். "பொரிக்கிற எண்ணெய் தனியா?" னு நேரடியா கேளுங்க.

சாரல் அண்ணே, உதடு தடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அது வெறும் "ஒத்துக்கலை" இல்லை. ஒவ்வாமைன்னே எழுதுங்க, இறால்னு மட்டும் போடாம நண்டு, சிங்கிறால் எல்லாம் சேர்த்து. இறால் புரதம் சூட்டுக்குச் சிதையாது. பெலாச்சானை எவ்வளவு வறுத்தாலும், எவ்வளவு நேரம் கொதிக்கவெச்சாலும் அது அப்படியே இருக்கும். "சமைச்சா போயிடும்" னு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க.

ஆனா பிடிக்காததை ஒவ்வாமைன்னு எழுத வேணாம். டாக்கெட்ல, அதாவது சமையலறைக்குப் போற ஆர்டர் சீட்டுல ஒவ்வாமைன்னு சிவப்புல விழுந்தா அந்த மேசைக்குப் பலகை, கத்தி, இடுக்கி எல்லாம் மாத்தணும். பாஸ்ல தட்டு கடைசியா நிக்கிற இடத்துல ஒருத்தர் டாக்கெட்டையும் தட்டையும் சரிபார்த்துச் சத்தமா சொல்லி, மறுபக்கம் இருந்து பதில் வந்த பிறகுதான் போகும். ஒரே டாக்கெட்ல அஞ்சு "ஒவ்வாமை" இருந்தா எது உயிர் போற விஷயம், எது பாகற்காய் பிடிக்காத விஷயம்னு தெரியாது.

---

தென்காசி_சாரல்

நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கலை. நீங்க சொன்ன மாதிரியே ஒரு இடத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். சைவம் முடியுமாம், மாதிரி மெனுவும் வந்துச்சு, காளான் ரெண்டு இடத்துல, யூபா ஒரு இடத்துல. எனக்கு மாட்டுச் சாறு மாத்தித் தருவாங்களாம். ஆனா கடைசியில ஒரு வரி: "எங்கள் சமையலறையில் ஓட்டுடலிகள் (இறால், நண்டு வகைகள்) பயன்படுத்தப்படுகின்றன, சுவடு அளவு கலக்காது என்று உறுதி தர இயலாது, ஏற்கிறீர்களா?" இதுக்கு என்ன பதில் எழுதறது?

இனிப்புல கெலுவாக்னு ஒண்ணு இருக்கு. தேடிப் பார்த்தா விஷக் கொட்டைன்னு வருது. பயமா இருக்கு.

---

பாஸ்_கவுண்டர்

அந்த வரியை எல்லாருமே போடுவாங்க, அதைப் பார்த்து ஓட வேணாம். பதில் உங்க உடம்பைப் பொறுத்தது. இதுவரைக்கும் இறாலை நேரடியா தின்னப்போ மட்டும் அரிப்பு, உதடு தடிப்பு, மீன் கடையில வாங்கின மீன் வறுவல் ஒண்ணும் செய்யலைன்னா ஒரு மாதிரி. மூச்சு இறுகியிருக்கு, தொண்டை அடைச்சிருக்கு, வாந்தி வந்திருக்குன்னா வேற மாதிரி. அப்போ கடலுணவு ஓடற சமையலறையே வேணாம். எப்படின்னாலும் கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வாமை மருத்துவர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, கையில என்ன மருந்து வெச்சுக்கணும்னு அவர் சொல்லட்டும். அது இல்லாம நான் ஏற்கலாம்னு சொல்ல மாட்டேன்.

உணவகத்துக்கு எழுதும்போது "ஏற்கிறேன்" னு மொட்டையா எழுதாதீங்க. மூணு கேள்வி கேளுங்க: எந்தெந்தத் தட்டுல இறால் விழுது அல்லது இறால் எண்ணெய் அடியாவே இருக்கு, எந்தத் தட்டு பொதுவான எண்ணெயில பொரிக்கறது, அந்தத் தட்டுகளுக்கு மாற்று உண்டா. இதுக்குப் பெயர் சொல்லிப் பதில் வந்தா அங்கே யாரோ மெனுவை எடுத்து உட்கார்ந்து பார்த்திருக்காங்க. "கவலைப்படாதீங்க, பார்த்துக்கறோம்" னு மட்டும் வந்தா வேற இடம் பாருங்க.

ரெம்பா இருக்கிற மெனுன்னா இன்னொண்ணு: அதுல கெட்டி கொடுக்க புவா கெராஸ் அரைச்சுப் போடுவாங்க. கேண்டில்நட்னு சொல்றது இதைத்தான், கொட்டை வகை. முந்திரி, பாதாம் ஒத்துக்காதவங்க யாராவது இதைப் படிச்சா, நிலக்கடலையோட இதையும் சேர்த்துக் கேளுங்க.

---

செராங்கூன்வாசி

கெலுவாக் பற்றி: பச்சையாக இருக்கும்போது நஞ்சுதான், சயனைடு உண்டு. அதனால்தான் கொட்டையை வேகவைத்து, சாம்பலிலும் மண்ணிலும் புதைத்து 40 நாள் போல விட்டு, பிறகுதான் விற்பனைக்கே வருகிறது. வாங்கிய பிறகும் தினமும் தண்ணீர் மாற்றிச் சில நாள் ஊறவைத்து, ஓட்டைத் தேய்த்துக் கழுவி, வாயை உடைத்து உள்ளிருக்கும் கறுப்பு விழுதைச் சுரண்டி எடுப்பார்கள். கெட்டுப்போன கொட்டை ஒன்று கலந்தாலும் முழுப் பானையும் கசக்கும் என்பதால் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத்தான் சேர்ப்பது. பெரனாக்கான் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுவது. பயப்பட ஒன்றும் இல்லை.

சுவை கசந்த சாக்லேட்டுக்கும் புளிக்கவைத்த கறுப்புப் பயறுக்கும் நடுவில் இருக்கும். கேண்டில்நட் அதைச் சாக்லேட்டோடு சேர்த்து ஐஸ்கிரீமாகத் தந்து பெயர் வாங்கியது. உங்கள் வீட்டம்மாவுக்கு இனிப்பாக வருவது ஆகும். ஆனால் கொட்டைக்குள் விழுதைத் திரும்ப அடைத்துக் காரக் குழம்பாக வந்தால், அந்த அடைப்பில் வழக்கமாக இறாலும் பன்றியும் அரைத்துச் சேர்ப்பார்கள். அது இருவருக்குமே ஆகாது.

ஃபியூஷன் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இந்தக் கெலுவாக்கை யோசித்துப் பார்க்கலாம். இந்தோனேசியக் காட்டுக் கொட்டை, சீனக் குடும்பத்து அடுப்பு, மலாய் விழுது. நம் ஆட்கள் நடத்தும் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸும் அதே கதைதான். எனக்கு ஒரு தட்டு குழப்பமாகத் தோன்றுவது நாடுகள் கலந்ததால் அல்ல. அடி ஒன்று இல்லாமல் மிசோ, மீன் சாஸ், சோயா மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று ஊற்றும்போதுதான். மூன்றும் உப்பு, மூன்றும் புளிக்கவைத்தது. நாலு தட்டு தாண்டினால் நாக்கு மரத்துத் தண்ணீர் தாகம் எடுக்கும். மாதிரி மெனுவில் புளி, கலமான்சி எலுமிச்சை, பச்சைக் காய், ஊறுகாய் என்று நடுநடுவே புளிப்பு வருகிறதா பாருங்கள். வந்தால் எட்டுத் தட்டையும் தாங்கலாம்.

குடிப்பதற்கு: ஒயின் இணையில் ஐந்து ஆறு குவளை, ஒவ்வொன்றும் 60 முதல் 90 மில்லி. கூட்டினால் பெரும்பாலும் அரை பாட்டிலைத் தாண்டும். காரமும் புளிப்பும் உள்ள மெனுவுக்கு மது இல்லாத இணை பல நேரம் இன்னும் பொருத்தம்: குளிரூட்டிய ஊலாங், கொம்புச்சா, பழப் புளிப்பு. வீட்டம்மாவுக்கு அதைக் கேளுங்கள், சர்க்கரை குறைவாக என்று சொல்லி. தண்ணீர் ஊற்ற வரும்போது குழாய்த் தண்ணீர் உண்டா என்று கேட்பதில் வெட்கமில்லை, சிங்கப்பூரில் அது நேராகக் குடிக்கத் தக்கது.

---

கணக்குப்புள்ள

தாமதமானால் 15 நிமிடம் வரை காத்திருப்பார்கள் என்பது பொதுவான நடைமுறை. அதன்பின் மேசையை ரத்து செய்தாலும் வைப்புத்தொகை அவர்களுக்கு. மாலையில் மழை பிடித்தால் டாக்சி கிடைக்காது, விலையும் ஏறும். எம்ஆர்டி வழியையும் பார்த்து வையுங்கள்.

---

நுனிநாக்கு

சாப்பாட்டு நடுவுல கழிப்பறைக்குப் போறதுன்னா தட்டு எடுத்தவுடனே பரிமாறுறவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. அடுத்த தட்டு பாஸ்ல ஏற்கனவே அடுக்க ஆரம்பிச்சிருப்பாங்க. சொல்லாம போனா ஒண்ணு ஆறிப்போகும், இல்லாட்டி ரெண்டு பேருக்கும் மறுபடி செய்யணும்.

உட்கார்ந்ததும் ஒரு தடவை, மின்னஞ்சல் அனுப்பினதை வாய்விட்டுச் சொல்லுங்க. நல்ல இடம்னா அவங்களே முந்திச் சொல்லிடுவாங்க. அப்புறம் தட்டு வெச்சு விளக்கும்போது வீட்டம்மா தட்டுக்குத் தனி விளக்கம் வருதான்னு கவனிங்க. உங்க தட்டை மட்டும் விளக்கிட்டு "அவங்களுக்கு இதோட சைவ வடிவம்" னு முடிச்சா, "இந்தச் சாறு எதுல எடுத்தது?" னு ஒரு கேள்வி. தெரியலைன்னா உள்ளே போய்க் கேட்டுட்டு வரட்டும், அது வரைக்கும் கரண்டி எடுக்காதீங்க.

---

பாஸ்_கவுண்டர்

விட்டுப்போனது ஒண்ணு. முன்பதிவுல கவுண்டரா மேசையான்னு கேட்கும். கவுண்டர்ல உட்கார்ந்தா சமைக்கிறதைப் பக்கத்துல பார்க்கலாம், அதுக்காகவே பலரும் அதைத்தான் பிடிப்பாங்க. உங்களுக்கு வேணாம். அங்கே கண் முன்னாடி கரியில இறால் தலையைச் சுடுவாங்க, அந்தப் புகையும் ஆவியும் முகத்துல அடிக்கும். ஒவ்வாமை உள்ள சிலருக்கு அதுவே போதும். மேசைன்னு கேளுங்க, அடுப்புல இருந்து தள்ளி.